ஐரோப்பாவுக்கு முதல் பேக்பேக்கிங் பயணம்: டிக்கெட் வாங்கும் முன் நண்பர்கள் பேசி முடிக்க வேண்டியவை

கோலசிலாங்கூர் மாவட்டத்தில், பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் தென்னமாரம் என்று ஒரு தோட்டம் உண்டு. பெயரிலேயே தென்னைமரம் இருக்கிறது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ல் அங்கேதான் தொடங்கியது. தொடங்கியவர் ஹென்றி ஃபோகோனியே. பிரான்சின் தென்மேற்கில் பார்பெசியூ என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் மலாயா வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930-ல் பிரான்சின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசு கிடைத்தது.

அந்த ஐரோப்பியர் இங்கே வந்து செம்பனைத் தோட்டம் தொடங்கியபோது அவருக்குப் பின்னால் முதலீட்டாளர்கள் இருந்தார்கள். இன்று அதே வட்டாரத்துப் பிள்ளைகள் எதிர்த்திசையில் கிளம்ப ஆசைப்படுகிறார்கள். ஒரு பை, மூன்று நான்கு நண்பர்கள், கையில் சொந்தச் சேமிப்பு. "போலாம்டா, அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஆரம்பிக்கும். மலிவு விலை டிக்கெட் ஒன்று கண்ணில் பட்டதும் யாராவது ஒருவர் வாங்கிவிடுவார். சிக்கல் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

தவறு நடந்தால் தாங்கிக்கொள்ள வசதியான குடும்பம் எல்லாருக்கும் இல்லை. பாதி வழியில் பணம் தீர்ந்தால், "அம்மா, கொஞ்சம் அனுப்புங்க" என்று கேட்க முடியாத வீடுகள் நிறைய. அதனால் முதல் பயணத்தில் வரிசை முக்கியம். முதலில் விடுப்பு, அடுத்து ஆவணம், பிறகு பணம், அதன்பின் நண்பர்களுக்குள் ஒப்பந்தம். டிக்கெட் கடைசியில்தான் வர வேண்டும்.

எத்தனை நாள் லீவு கிடைக்கும்?

பயணத்தின் நீளத்தை முடிவு செய்வது ஆசை அல்ல, உங்கள் முதலாளி தரும் லீவு. மலேசிய வேலைச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 8 நாள் ஆண்டு விடுப்பு. 2 முதல் 5 ஆண்டு வரை வேலை செய்தவருக்கு 12 நாள். 5 ஆண்டைத் தாண்டியவருக்கு 16 நாள்.

நான்கு நண்பர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஈஜோக்கில் தொழிற்சாலை வேலை, ஒருவர் தாதி, ஒருவர் கடையில் கணக்காளர், ஒருவர் பெஸ்தாரி ஜெயாவில் உள்ள சிலாங்கூர் பல்கலைக்கழகத்தில் மாணவர். மாணவருக்கு இரண்டு மாத விடுமுறை இருக்கலாம். ஆனால் குழுவின் பயணம், லீவு குறைவாக உள்ளவரின் கணக்கில்தான் ஓடும்.

சனிக்கிழமை இரவு புறப்பட்டு, மூன்றாவது வாரத் தொடக்கத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை திரும்பினால் மொத்தம் 16 நாள். வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு அதில் 10 நாள் லீவுதான் போகும். ஆறு நாள் வேலை என்றால் 12 நாள். முதல் பயணத்துக்கு இந்த 16 நாள் போதும். "ஒரே ட்ரிப்ல பத்து நாடு" என்று சமூக ஊடகத்தில் பார்ப்பது வேறு, அதை நடத்திக் காட்டுவது வேறு. ஒவ்வொரு ஊர் மாற்றத்துக்கும் கிட்டத்தட்ட ஒரு நாள் கரைந்துவிடும். பை கட்ட வேண்டும், அறையைக் காலி செய்ய வேண்டும், ரயில் ஏற வேண்டும், புது ஊரில் வழி தேட வேண்டும்.

ஆண்டு முழுவதற்குமான லீவையும் இதிலேயே கொட்டிவிட்டால் தீபாவளிக்கும் வீட்டு விசேஷத்துக்கும் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள்.

எந்த மாதம் போவது?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஐரோப்பாவின் கோடை விடுமுறை. விலை ஏறும், கூட்டம் நெரியும். டிசம்பர், ஜனவரியில் கிறிஸ்துமஸ் வாரத்தைத் தவிர விலை குறையும், ஆனால் மாலை நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கும். குளிர் உடுப்புக்கும் தனியாகச் செலவு. ஏப்ரல் பிற்பகுதி, மே, செப்டம்பர், அக்டோபர் தொடக்கம் ஆகியவை நடுவில் உள்ள நல்ல காலம். நம் ஊர் வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு மே மாத பாரிஸ் காலைகூடக் குளிரத்தான் செய்யும். ஒரு நல்ல ஜாக்கெட் போதும்.

விசா தேவையா?

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் சுற்றிப் பார்க்க ஷெங்கன் பகுதிக்குள் நுழைய விசா தேவையில்லை. ஷெங்கன் என்பது எல்லைச் சோதனையைப் பொதுவாக்கிக்கொண்ட 29 நாடுகளின் கூட்டு. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, நெதர்லாந்து, செக் குடியரசு, சுவிட்சர்லாந்து எல்லாம் இதில் அடக்கம். பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் இல்லை.

விசா வேண்டாம் என்றால் விதியே இல்லை என்று பொருளல்ல. கவனிக்க வேண்டியவை இவை.

முதலாவது, நாள் கணக்கு. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் மொத்தம் 90 நாள்தான் தங்கலாம். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். 29 நாட்டுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. நாடு மாறினால் புதிதாக 90 நாள் கிடைக்காது.

இரண்டாவது, கடப்பிதழ். ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளிலிருந்து குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். வழியில் வேறு நாட்டில் விமானம் மாறுவதாக இருந்தால் 6 மாதம் இருப்பது பாதுகாப்பு. ஐந்து ஆண்டுக் கடப்பிதழுக்கு மலேசியாவில் பெரியவர்களுக்கான கட்டணம் 200 ரிங்கிட். கடைசி மாதத்தில் புதுப்பிக்க ஓடாதீர்கள். டிக்கெட்டில் ஒரு கடப்பிதழ் எண்ணும் கையில் வேறொரு எண்ணும் இருந்தால் வீண் அலைச்சல்.

மூன்றாவது, எல்லைப் பதிவு. 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் இ.இ.எஸ். என்ற மின்னியல் பதிவு முறை கட்டங்கட்டமாகத் தொடங்கியது. கடப்பிதழில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக விரல் ரேகையும் முகப்படமும் எடுத்து, நுழைந்த நாளையும் வெளியேறிய நாளையும் கணினியில் பதிவார்கள். முதல் முறை போகிறவருக்கு வரிசையில் நேரம் பிடிக்கலாம். இறங்கிய ஒரு மணி நேரத்தில் அடுத்த ரயில் என்று திட்டம் போடாதீர்கள்.

நான்காவது, எட்டியாஸ் என்ற முன் அனுமதி. விசா தேவைப்படாத நாட்டவர் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டிய அனுமதி இது. 2026-ன் கடைசிக் காலாண்டில் தொடங்கும் என்று ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்தது. கட்டணம் 20 யூரோ. ஒருமுறை கிடைத்தால் 3 ஆண்டுக்கு, அல்லது கடப்பிதழ் காலாவதியாகும் வரை செல்லும். இதன் பெயரில் போலி இணையத்தளங்கள் நிறைய வந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரபூர்வ தளத்தில் மட்டும் பாருங்கள்.

லண்டனையும் சேர்க்க ஆசையா? 2025 ஜனவரி 8 முதல் மலேசியர்கள் பிரிட்டனுக்குப் போக இ.டி.ஏ. என்ற மின்னியல் அனுமதி கட்டாயம். 2025 ஏப்ரலில் அதன் கட்டணம் 16 பவுண்டாக உயர்ந்தது. கட்டணம் அடிக்கடி மாறுவதால் விண்ணப்பிக்கும் நாளில் பிரிட்டிஷ் அரசாங்கத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லை அதிகாரி என்ன கேட்பார்?

விசா இல்லாமல் போகிறவரை உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை எல்லை அதிகாரி அங்கேயே முடிவு செய்யலாம். எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள், செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவுகள், வங்கிக் கணக்கு அறிக்கை, காப்புறுதி, முதலாளி அல்லது பல்கலைக்கழகம் தந்த விடுப்புக் கடிதம் ஆகியவற்றைக் காகிதத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசி சார்ஜ் தீர்ந்த நேரத்தில் காகிதம்தான் பேசும். நால்வரும் ஒரே மாதிரி பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "எல்லாம் அவனுக்குத்தான் தெரியும் சார்" என்று நண்பனைக் காட்டினால் எடுபடாது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சுற்றுலாவாக நுழைந்தவர் வேலை செய்யக் கூடாது. "போங்க தம்பி, அங்க இறங்குனதும் வேலை ரெடி" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஹாஸ்டலில் படுக்கைக்குப் பதிலாகத் துப்புரவு வேலை செய்வதும்கூடப் பல நாடுகளில் வேலையாகவே கருதப்படும்.

கிளம்பும் பக்கத்திலும் ஒரு சோதனை உண்டு. வருமான வரி பாக்கி, திவால் அறிவிப்பு போன்ற காரணங்களால் சிலருக்கு வெளிநாட்டுப் பயணத் தடை இருக்கலாம். மலேசியக் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டு முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

'ஏ/எல்', 'ஏ/பி' பெயர்ச் சிக்கல்

இது நமக்கென்றே உள்ள தலைவலி. விமான நிறுவனங்களின் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்பார்கள். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான். கடப்பிதழில் உள்ள ஏ/எல், ஏ/பி என்பதில் வரும் சாய்வுக்கோட்டைப் பல படிவங்கள் ஏற்பதில்லை.

டிக்கெட் எடுக்கும் முன் அந்த விமான நிறுவனத்தின் மலேசியப் பெயர் வழிகாட்டியைப் படியுங்கள், அல்லது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு முறையைத் தேர்ந்தெடுத்தால் போகும் டிக்கெட், வரும் டிக்கெட், காப்புறுதி எல்லாவற்றிலும் அதையே பின்பற்றுங்கள். அரசாங்க மின்னியல் அனுமதிகளில் மட்டும் கடப்பிதழில் உள்ளபடியே, அந்தந்தப் படிவத்தின் குறிப்பைப் பார்த்து நிரப்புங்கள். நால்வருக்கும் சேர்த்து ஒருவரே டிக்கெட் போடுவதாக இருந்தால், பணம் கட்டும் பொத்தானை அழுத்தும் முன் ஒவ்வொருவரும் தங்கள் பெயரை எழுத்துக்கு எழுத்து பார்க்க வேண்டும். பெயர் திருத்தத்துக்குப் பல நிறுவனங்கள் கட்டணம் வசூலிக்கும்.

வழி எப்படிப் போடுவது?

ஒரு மாதிரித் திட்டம் பார்ப்போம். பாரிஸ் 4 இரவு, ஆம்ஸ்டர்டாம் 2 இரவு, பெர்லின் 3 இரவு, பிராக் 4 இரவு. மொத்தம் 13 இரவு, நான்கு நாடு. பாரிஸில் இறங்கி பிராக்கில் விமானம் ஏறுவது போல டிக்கெட் எடுக்கலாம். ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரிலிருந்து கிளம்பினால், தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் நாளும் ரயில் காசும் மிச்சம்.

இந்த வழியில் ரயில் பயணம் மூன்று முறைதான். பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் அதிவேக ரயிலில் மூன்றரை மணி நேரத்துக்குள். அங்கிருந்து பெர்லின் ஏறக்குறைய ஆறு மணி நேரம். பெர்லினிலிருந்து பிராக் நாலு, நாலரை மணி நேரம். விமான நிலையத்துக்குப் போய் வரும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் ரயிலே மேல்.

மலிவு விமானம் எப்போதும் மலிவாக இருப்பதில்லை. பாரிஸ் என்று பெயர் போட்டுக்கொள்ளும் போவே விமான நிலையம் பாரிஸ் நகரிலிருந்து 80 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து நகரத்துக்குள் வரும் பஸ் கட்டணத்தையும், பைக்குத் தனியாகக் கேட்கும் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

ரயில் பாஸ் வாங்கலாமா?

யூரெயில் பாஸ் ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கானது. 27 வயது வரை இளையோர் கட்டணச் சலுகை உண்டு. இன்டர்ரெயில் என்பது ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு. பெயர் ஒத்திருக்கிறது என்று மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

பாஸ் எப்போது லாபம்? நிறைய ஊர், தேதி முடிவாகாத பயணம், கடைசி நேரத்தில் மாற்றம் என்றால் லாபம். மூன்று ரயில் மட்டும், தேதியும் முடிவாகிவிட்டது என்றால், சில மாதம் முன்பே தனித்தனி டிக்கெட் எடுப்பது பெரும்பாலும் மலிவு. பாஸ் இருந்தாலும் பிரான்சின் அதிவேக ரயில், யூரோஸ்டார், இரவு ரயில் போன்றவற்றில் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். பாஸ் விலையை மட்டும் பார்த்து மகிழ்ந்துபோனவர்கள் பலர் இந்த இடத்தில்தான் முழிக்கிறார்கள். ரயிலைவிடச் செலவு குறைய வேண்டும் என்றால் ஃபிளிக்ஸ்பஸ் போன்ற நீண்டதூர பஸ்கள் இருக்கின்றன. நேரம் கூடும், அவ்வளவுதான்.

ஆளுக்கு எவ்வளவு ஆகும்?

1 யூரோ 5 ரிங்கிட் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அன்றைய மாற்று விகிதம் குறைவாக இருந்தால் மிச்சம் உங்களுக்கு. கீழே உள்ளது மேற்சொன்ன 16 நாள் பயணத்துக்கான மாதிரிக் கணக்கு. நீங்கள் தேடும் விலைகளைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

போய்வர விமான டிக்கெட்: 4,000 ரிங்கிட்.
ஹாஸ்டல் படுக்கை, 13 இரவு, சராசரி 38 யூரோ: 2,470 ரிங்கிட்.
சாப்பாடு, 14 நாள், நாளுக்கு 22 யூரோ: 1,540 ரிங்கிட்.
ஊர் விட்டு ஊர் ரயில், 180 யூரோ: 900 ரிங்கிட்.
நகரப் போக்குவரத்தும் நுழைவுக் கட்டணமும், 200 யூரோ: 1,000 ரிங்கிட்.
கடப்பிதழ், காப்புறுதி, இணைய இணைப்பு: 500 ரிங்கிட்.
தொடாமல் வைக்கும் அவசரப் பணம்: 1,500 ரிங்கிட்.

மொத்தம் 11,910 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அப்படிப் பார்த்தால் இது ஏழு மாதச் சம்பளம் முழுசாக. மாதம் 500 வெள்ளி எடுத்து வைத்தால் இரண்டு ஆண்டு பிடிக்கும். "அப்ப நமக்கெல்லாம் கனவுதான்" என்று விட்டுவிட வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுக்குப் பிறகு ஒரு தேதி என்று இன்றே குறித்துவிட்டால் அது திட்டம். அடுத்த மாதமே கிளம்ப வேண்டும் என்று தனிநபர் கடன் எடுத்தால், திரும்பி வந்த பிறகும் பல மாதம் தவணை துரத்தும்.

ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் தொடங்கிய மூன்றாவது கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். ஆனால் எடுக்க முடியும் என்பதற்காக எடுக்க வேண்டும் என்றில்லை. வேலை போனாலோ வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனாலோ முதலில் கைகொடுப்பது அந்தப் பணம்தான்.

எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது?

சாப்பாட்டில் குறைக்கலாம். சமையலறை உள்ள ஹாஸ்டலாகப் பார்த்து, பேரங்காடியில் அரிசி, முட்டை, காய்கறி வாங்கி நால்வரும் சேர்ந்து சமைத்தால் செலவு நன்றாக இறங்கும். வீட்டிலிருந்து சாமான் கொண்டுபோகும்போது கவனம் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சி, பால் வகைப் பொருள்களைப் பயணிகள் கொண்டுபோகத் தடை. செடியின் இலை, பெரும்பாலான பழங்களுக்குத் தாவரநலச் சான்றிதழ் வேண்டும். அதனால் அம்மா ஆசையாகக் கட்டித் தரும் பச்சைக் கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அரைத்த மிளகாய்த்தூள், மசாலாத்தூள் போதும்.

நம்ம ஊர்ச் சாப்பாடு தேடினால் பாரிஸின் வட ரயில் நிலையத்துக்கு அருகே லா ஷப்பெல் வட்டாரத்துக்குப் போங்கள். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும், தமிழில் பேசித் தோசை கேட்கலாம். ஜெர்மனியின் ஹம் நகரில் உள்ள காமாட்சி அம்மன் கோயில் ஐரோப்பாவின் பெரிய தமிழ்க் கோயில்களில் ஒன்று.

நுழைவுக் கட்டணத்திலும் தேர்ந்தெடுக்கலாம். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் 2026 ஜனவரி முதல் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்குக் கட்டணத்தை 32 யூரோவாக உயர்த்தியது. அதே சமயம் பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடத்தின் கண்ணாடிக் குவிமாடத்துக்கு முன்பதிவு செய்தால் இலவசமாக ஏறலாம்.

காப்புறுதியில் மட்டும் குறைக்கக் கூடாது. நம் அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பார்த்துப் பழகிவிட்டோம். ஐரோப்பாவில் வெளிநாட்டவருக்கு அந்தச் சலுகை இல்லை. கால் முறிந்து ஒரு இரவு மருத்துவமனையில் தங்கினாலே பயணப் பணம் முழுவதும் கரைந்துவிடலாம். ஷெங்கன் விசா எடுப்பவர்களிடம் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கேட்கிறார்கள். விசா இல்லாமல் போகும் நமக்கு அது கட்டாயமில்லை. ஆனாலும் அந்த அளவையே குறைந்தபட்சமாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது?

மலேசிய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பொதுவாக மூடப்பட்டிருக்கும். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள். ஆளுக்கு இரண்டு அட்டை, இரண்டும் வேறு வேறு இடத்தில். கொஞ்சம் ரொக்கம்.

கடையிலோ பண இயந்திரத்திலோ "ரிங்கிட்டில் கட்டுகிறீர்களா, யூரோவிலா" என்று திரையில் கேட்கும். யூரோவையே அழுத்துங்கள். ரிங்கிட் என்றால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரக்காரர் முடிவு செய்வார், அது பெரும்பாலும் நமக்கு நஷ்டம். எல்லா நாட்டிலும் யூரோ செல்லாது என்பதும் நினைவிருக்கட்டும். பிராக்கில் செக் கொருனா, சுவிட்சர்லாந்தில் பிராங்க்.

நண்பர்களுக்குள் என்ன பேச வேண்டும்?

பலர் தவிர்க்கும் பேச்சு இதுதான். "ஃபிரெண்ட்ஸ்தானே, காசப் பத்தி என்ன பேச்சு" என்போம். பத்தாவது நாள், ஒருவர் உணவகத்தில் உட்கார நினைப்பார், மற்றவர் ரொட்டி வாங்கித் தாப்பாவ் பண்ண நினைப்பார். அங்கே உரசல் தொடங்கும். பட்ஜெட் குறைவாக உள்ளவர் வெட்கத்தில் வாய் திறக்கமாட்டார். கடன் வாங்கிச் சமாளிப்பார். ஊர் திரும்பியதும் நட்பே முறிந்துபோகும்.

கிளம்பும் முன் ஐந்து விஷயத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: ஒவ்வொருவரும் செலவழிக்கக்கூடிய மொத்தத் தொகை. குறைவாகச் சொன்னவரின் தொகைதான் குழுவின் பட்ஜெட்.

இரண்டு: பொதுப் பணம். நால்வரும் ஒரே அளவு போட்ட தொகையிலிருந்து தங்குமிடம், ரயில், பொதுச் சமையல். மற்றதெல்லாம் அவரவர் காசு.

மூன்று: யார் பெயரில் எது பதிவு. ஒருவர் கடன் அட்டையில் நால்வருக்கும் டிக்கெட் போடும் முன், மற்ற மூவரும் அவர் கணக்கில் பணம் போட்டிருக்க வேண்டும்.

நான்கு: ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லை என்றால் என்ன? திருப்பித் தராத பணத்தை அவரே ஏற்பார் என்பதை முன்பே ஒத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மரணம், நோய் போன்றவற்றுக்குக் காப்புறுதி எதை ஏற்கும் என்று படித்து வையுங்கள்.

ஐந்து: பிரிந்து சுற்ற அனுமதி. தினமும் எட்டு மணி நேரம் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. மாலை எத்தனை மணிக்கு, எங்கே சந்திப்பது என்று மட்டும் முடிவு செய்தால் போதும்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

"பொம்பளப் புள்ள அவ்வளவு தூரமா?" என்ற கேள்வி வரும். கோபப்பட்டுப் பயனில்லை. பயம் தெரியாத இடத்தைப் பற்றியது. எந்தத் தேதி எந்த ஊர், தங்கும் இடத்தின் முகவரி, நண்பர்களின் வீட்டு எண், காப்புறுதி எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் அச்சடித்து அம்மா அப்பாவிடம் கொடுங்கள். நண்பர்களின் பெற்றோர்களை ஒருமுறை சந்திக்க வையுங்கள். தினமும் எந்த நேரத்தில் செய்தி அனுப்புவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். கோடையில் பாரிஸ் நேரம் நம்மைவிட 6 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 7 மணி நேரம்.

வெளியுறவு அமைச்சின் தூதரகப் பதிவுத் தளத்தில் பயணத்தைப் பதிவு செய்யலாம். பாரிஸ், ஹேக், பெர்லின், பிராக் நான்கிலும் மலேசியத் தூதரகம் உண்டு. கடப்பிதழ் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், அடுத்து தூதரகம். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அவசர அழைப்பு எண் 112.

ஒத்திகை பார்த்தீர்களா?

கிளம்ப மூன்று மாதம் இருக்கும்போது ஒரு வார இறுதியை ஒதுக்குங்கள். ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகும் அதே பையை, அதே எடையோடு கட்டுங்கள். கோலசிலாங்கூர் புக்கிட் மலாவத்தியில் ஏறி இறங்குங்கள். 1784-ல் டச்சுக்காரர்கள் பிடித்து அல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்த கோட்டைக் குன்று அது. மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டுவிட்டார். அந்த மேட்டிலேயே மூச்சு வாங்கினால், மின்தூக்கி இல்லாத பாரிஸ் ஹாஸ்டலின் ஐந்தாம் மாடிக்கு அந்தப் பை வேண்டாம். ஏழு, எட்டுக் கிலோவுக்குள் இறக்குங்கள்.

அடுத்து, சுங்கை பூலோவிலோ ரவாங்கிலோ இ.டி.எஸ். ரயில் ஏறி பினாங்குக்கு இரண்டு இரவு போய் வாருங்கள். ஹாஸ்டலில் தங்குங்கள், பொதுப் பணத்தை நடத்திப் பாருங்கள். யார் குறட்டை விடுவார், யார் காலையில் எழமாட்டார், யார் கணக்கு எழுதாமல் செலவழிப்பார் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். பினாங்கில் சண்டை வந்தால் நான்கு மணி நேரத்தில் வீடு திரும்பிவிடலாம்.

ஒத்திகை முடிந்து எல்லாரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்களா? விடுப்புக் கடிதம் கையில் இருக்கிறதா? கடப்பிதழில் போதிய காலம் இருக்கிறதா? ஆளுக்கு வேண்டிய பணத்தில் பாதியாவது கணக்கில் சேர்ந்துவிட்டதா? நான்குக்கும் 'ஆமா' என்றால், மாமாக் கடையில் நாலு தே தாரிக் சொல்லி உட்கார்ந்து, பெயரை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து, டிக்கெட்டை வாங்குங்கள்.